கெட்டிப்படுத்தவும் மாவுச்சத்து, பொதியவும் மாவுச்சத்து: ஒரே சரக்கு இரண்டுக்கும் ஆகுமா?

சாறுக்கூடம் எழுதியது:

வணக்கம். பழச்சாற்றைக் காய்ச்சிக் கெட்டிப்படுத்தி, சாஸாகச் சிறு உறைகளில் அடைத்து விற்கும் சிறிய தொழிற்கூடம் ஒன்றை நடத்துகிறேன். சாஸின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 3.5. கெட்டிப்படுத்துவதற்குச் சாதாரண மக்காச்சோள மாவுச்சத்தையே சேர்த்துவருகிறோம். அடுப்பிலிருந்து இறக்கும்போது பதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்குபவர்களில் பலர் அதை உறைபெட்டியில் வைத்து, வேண்டும்போது எடுத்து உருகவிடுகிறார்கள். உருகியபின் மேலே தெளிந்த நீர் நிற்கிறது; அடியில் பஞ்சு போன்ற ஒரு திரள் கிடக்கிறது. மாற்றியமைத்த மாவுச்சத்தைச் சேர்த்தால் இந்தக் குறை தீரும் என்று சொல்லப்படுகிறது. லேபிளில் அதற்குரிய இ 1442 என்ற சேர்மான எண்ணைக் கண்டால் எங்கள் வாடிக்கையாளர்கள் தயங்குவார்கள் என்பதுதான் என் தயக்கம்.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வி உறையைப் பற்றியது. இப்போதைய பிளாஸ்டிக் உறையை விட்டு, மாவுச்சத்தால் செய்த படலத்துக்கு மாற விரும்புகிறோம். விற்பனைப் பிரதிநிதி ஒருவர், உள்ளே போடவும் வெளியே சுற்றவும் ஒரே மரவள்ளி மாவுச்சத்து போதும் என்று உறுதி கூறினார். அது நடக்கக்கூடியதா?

மாவுப்பதம் எழுதியது:

உறையைப் பற்றிப் பேசத் தகுந்தவர்கள் வருவார்கள். நான் சாஸோடு நின்றுகொள்கிறேன்.

மாவுச்சத்து என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளின் தொகுதி. ஒவ்வொரு மணிக்குள்ளும் நீண்ட, பெரும்பாலும் நேரான அமைலோஸ் சங்கிலிகளும், கிளைவிட்டுப் படர்ந்த அமைலோபெக்டின் மூலக்கூறுகளும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண மக்காச்சோளத்தில் அமைலோஸ் கால் பங்கு. மரவள்ளியில் அதைவிடக் குறைவு. மெழுகு மக்காச்சோளம் எனப்படும் வகையில் அநேகமாக இல்லை. நீரில் கலந்து சூடேற்றும்போது, 60 முதல் 70 டிகிரி செல்சியசைத் தொட்டதும் மணிகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. சாஸ் கெட்டியாவது இதனால்தான். ஆறியபின் அமைலோஸ் சங்கிலிகள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து மீண்டும் படிகமாகத் தொடங்குகின்றன, அப்படி நெருங்கும்போது இடையிலிருந்த நீரை வெளியே தள்ளிவிடுகின்றன. உறையவைத்தால் பனிக்கட்டி நீரைத் தனக்கென இழுத்துக்கொள்வதால் எஞ்சிய மாவுச்சத்து இன்னும் நெருக்கமாகிறது, வேலை விரைந்து முடிகிறது. நீங்கள் கண்ட பஞ்சுத் திரள் அதன் விளைவு.

இ 1442 என்பது ஹைட்ராக்சிபுரொப்பைல் டைஸ்டார்ச் பாஸ்பேட். அதில் இரண்டு காரியங்கள் செய்யப்பட்டுள்ளன. சங்கிலிகளின் ஓரங்களில் சிறு வேதித்தொகுதிகளை ஒட்டவைத்து, அவை ஒன்றோடொன்று சேரமுடியாமல் இடைவெளி உண்டாக்கியிருக்கிறார்கள். உறைந்து உருகுவதைத் தாங்குவது இதனால். அங்கங்கே பாஸ்பேட் பாலங்களைக் கட்டி, அமிலத்திலும் கலக்கி அடிக்கும் வேகத்திலும் மணி உடைந்து போகாமல் காத்திருக்கிறார்கள். எண்ணைக் கண்டு மிரளுவதில் பொருளில்லை என்பது என் கருத்து. ஆனால் உங்கள் வாடிக்கையாளரோடு வாதாட வேண்டியவர் நீங்கள், நான் அல்ல. எனவே மாற்று வழி: ஈரமும் வெப்பமும் கொண்டு மட்டுமே பக்குவப்படுத்திய மெழுகு மக்காச்சோள மாவுச்சத்து அல்லது மரவள்ளி மாவுச்சத்து. அதில் வேதிப்பொருள் சேர்வதில்லை என்பதால் லேபிளில் வெறும் மாவுச்சத்து என்றே வரும். அமிலத்தை ஓரளவு நன்றாகவே தாங்கும். உறைந்து உருகும் சோதனையில் இ 1442 அளவுக்கு நிற்காது.

எதைப் பயன்படுத்தினாலும், மாவைப் பழச்சாற்றில் நேராகப் போட்டு நெடுநேரம் கொதிக்கவிடாதீர்கள். அமிலமும் சூடும் சேர்ந்தால் சங்கிலிகள் வெட்டுப்படும். நீரில் அல்லது சாற்றின் ஒரு சிறு பகுதியில் மாவை முதலில் வேகவைத்து, அமிலப் பகுதியைக் கடைசியில் சேர்ப்பது நல்லது. வெந்ததா, வெந்து உடைந்ததா என்று அறிய ஒரு துளிக் கூழை நீரில் கரைத்து, ஒரு சொட்டு அயோடினிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். சாதாரண மாவுச்சத்து நீலமாகவும் மெழுகு வகை செம்பழுப்பாகவும் நிறமேறும். மணிகள் உப்பி, முழு உருவோடு, தனித்தனியே நின்றால் பதம் சரி. விளிம்பு கிழிந்த கந்தல்களும் நிறமேறிய மேகமும் மட்டுமே தெரிந்தால் அது மிகைவேக்காடு. ஆறியதும் கொழகொழவென்று நூலிழுக்கும்.

வழுவழுப்பு எழுதியது:

மாவுப்பதம் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பாரம் முழுவதையும் மாவுச்சத்தின் தலையில் ஏற்றுவானேன்? மொத்த எடையில் 0.1 முதல் 0.3 விழுக்காடு அளவுக்குப் பிசின் சேர்த்தால் மாவின் அளவைக் குறைக்கலாம், கசியும் நீரையும் பிடித்து வைக்கலாம்.

குவார் (கொத்தவரை), டாரா, லோகஸ்ட் பீன் ஆகிய மூன்றும் விதைகளிலிருந்து வரும் ஒரே குடும்பத்துப் பிசின்கள். மேனோஸ் சர்க்கரையாலான முதுகெலும்பில் காலக்டோஸ் கிளைகள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. குவாரில் இரண்டு மேனோசுக்கு ஒரு காலக்டோஸ், டாராவில் மூன்றுக்கு ஒன்று, லோகஸ்ட் பீனில் நான்குக்கு ஒன்று. கிளை அடர்ந்த குவார் தண்ணீரில் குளிர்ந்த நிலையிலேயே கரையும். கிளை குறைந்த லோகஸ்ட் பீனை 80 டிகிரிக்கு மேல் சூடேற்றினால்தான் முழுமையாகக் கரையும். ஆனால் அதன் கிளையற்ற பகுதிகள் சாந்தன் என்ற இன்னொரு பிசினோடு பிணைந்துகொள்வதால், தனித்தனியே கட்டியாகாத இரண்டும் சேர்ந்து உறுதியான ஜெல் தரும். குவாரும் சாந்தனும் சேர்ந்தால் ஜெல் வராது, பாகுத்தன்மை மட்டும் பன்மடங்காகும். உங்களுக்கு ஊற்றக்கூடிய சாஸ் வேண்டுமென்றால் இரண்டாவது இணையே ஏற்றது. சாந்தனுக்கு மேலும் ஒரு நற்குணம் உண்டு: குலுக்கினால் இளகும், நிறுத்தினால் மீண்டும் கெட்டியாகும், அமிலமும் உப்பும் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை.

பிசினைக் கரைக்கும் விதத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பொடியை நேராக நீரில் கொட்டினால் கட்டிதட்டும். கட்டியின் மேல் வழவழப்பான தோல் உடனே உருவாகி, உள்ளே இருக்கும் உலர்ந்த பொடிக்கு நீர் போகாமல் அடைத்துவிடும். அதன்பின் எவ்வளவு நேரம் கலக்கினாலும் பயனில்லை. பொடியைப் பத்து மடங்கு சர்க்கரையோடு உலர்நிலையில் கலந்து, வேகமாகச் சுழலும் நீரில் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும்.

அரபிப் பிசினை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதைப் பாதிக்குப் பாதி கரைத்தால்கூட ஊற்றலாம்; கெட்டிப்படுத்த உதவாது. அதிலுள்ள சிறிதளவு புரதம் எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்து நிற்பதால் பானங்களில் நறுமண எண்ணெயைப் பிரியாமல் வைத்திருக்க உதவுகிறது. அதன் பெரும்பங்கு சூடானிலிருந்து வருகிறது. 1997-இல் அமெரிக்கா அந்நாட்டின் மீது பொருளாதாரத் தடை விதித்தபோதும் இந்தப் பிசினுக்கு மட்டும் விலக்குக் கிடைத்ததென்றால், பானத் தொழில் அதை எவ்வளவு நம்பியிருக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மாவுப்பதம் எழுதியது:

ஒரு திருத்தம். லேபிளில் தாவரப் பிசின் என்று அச்சிட எண்ணம் இருந்தால் சாந்தனை அந்தப் பெயரில் அடக்க முடியாது. அது சாந்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியத்தைச் சர்க்கரைக் கரைசலில் நொதிக்கவைத்துப் பெறுவது. அமெரிக்காவில் 1969-இல் உணவுக்கு அனுமதிக்கப்பட்டது. விலங்குப் பொருள் கலவாதது, ஆனால் செடியிலிருந்து வடிந்ததும் அல்ல. விதைப் பிசின் மட்டுமே வேண்டுமென்றால் குவாரோடும் டாராவோடும் நின்றுகொள்ளுங்கள். அமிலத்தில் நெடுநேரச் சூட்டுக்கு அவை சாந்தனைப் போல் ஈடுகொடுக்காது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

குவார் வாங்கும்போது ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2007-இல் ஐரோப்பாவுக்குப் போன குவார் சரக்கில் பென்டாகுளோரோபீனாலும் டயாக்சினும் கண்டறியப்பட்டு, பல பொருள்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. செடியிலிருந்து வருவதால் தூய்மை தானாக அமைந்துவிடாது.

இன்னொன்று, சுவை பார்க்கும் கரண்டியை மீண்டும் பாத்திரத்தில் விடாதீர்கள். சுகாதாரம் ஒருபுறம் இருக்கட்டும். எச்சிலிலுள்ள அமைலேஸ் நொதி மாவுச்சத்துக் கூழைக் கண்ணெதிரே நீர்க்கச் செய்துவிடும்.

நான்காம்நிலை எழுதியது:

மேலே எச்சிலைப் பற்றி வந்த குறிப்பு என் வேலையோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் இடைபுகுகிறேன். பக்கவாதத்துக்குப் பின்னோ நரம்பு நோய்களாலோ விழுங்குவதில் சிரமப்படுபவர்களுக்குத் தண்ணீரைக்கூடக் கெட்டிப்படுத்தித் தரவேண்டியிருக்கிறது. நீர்த்த பானம் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. மாவுச்சத்தால் கெட்டிப்படுத்திய பானம் வாயில் இருக்கும் நேரத்திலேயே இளகத் தொடங்கும். கரண்டியால் எச்சில் பட்ட கோப்பையில் அடுத்த வாய்க்குள் இன்னும் நீர்த்துவிடும். சாந்தனை அமைலேஸ் தொடுவதில்லை. அதனாலேயே இந்தத் துறையில் சாந்தன் கலவைகள் பெருகின.

கெட்டித்தன்மையை அளக்க எளிய முறை ஒன்று உண்டு. 10 மில்லிலிட்டர் ஊசிக்குழலில் பானத்தை நிரப்பி, அடித்துளையைத் திறந்து, 10 விநாடி ஓடவிட்டு, மீந்திருப்பதைப் பார்க்க வேண்டும். 1 முதல் 4 மில்லிலிட்டர் மீந்தால் முதல் நிலை, 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை, 8-க்கு மேல் மீந்தும் சொட்டிக்கொண்டிருந்தால் மூன்றாம் நிலை, ஒரு சொட்டும் விழாவிட்டால் நான்காம் நிலை. சாஸ் செய்பவர்களும் ஒவ்வொரு அடுப்பிறக்கத்தையும் ஒப்பிட இதே முறையைக் கையாளலாம்.

பச்சிளங் குழந்தைகளின் பாலைக் கெட்டிப்படுத்த இவற்றில் எதையும் மருத்துவர் சொல்லாமல் பயன்படுத்தக் கூடாது. சாந்தன் அடங்கிய கலவை ஒன்றைக் குறைமாதக் குழந்தைகளுக்குத் தரவேண்டாம் என்று, குடல் திசு அழுகும் நோயைச் சுட்டி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் எச்சரித்தது.

அட்டைப்பெட்டி எழுதியது:

உறையைப் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே மாவுச்சத்து என்பது விற்பனைப் பேச்சு. சாஸுக்குள் மாவுச்சத்து நீரை அணைத்துக்கொள்ள வேண்டும். உறையில் அது நீரை அண்டவிடக் கூடாது. ஒரே மூலக்கூறிடம் இந்த இரண்டையும் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

மாவுச்சத்தை அப்படியே உருக்க முடியாது. உருகும் முன் கருகிவிடும். கிளிசராலும் நீரும் சேர்த்து எக்ஸ்ட்ரூடர் என்ற, பிசைந்து துளைவழியே தள்ளும் இயந்திரத்தில் சூட்டோடு பிசைந்தால் மணிகள் குலைந்து, பிளாஸ்டிக் போல வார்க்கக்கூடிய பொருளாகும். இந்தப் படலம் உலர்ந்திருக்கும்வரை ஆக்சிஜனை நன்றாகவே தடுக்கும். ஈரம் ஏறினால் ஊறித் தொளதொளக்கும், அந்தத் தடுப்பும் போய்விடும். நீராவியையோ எப்போதுமே தடுப்பதில்லை. வாரங்கள் செல்லச் செல்ல கிளிசரால் மேற்பரப்புக்கு வந்து பிசுபிசுக்கும். மாவுப்பதம் விவரித்த அதே மறுபடிகமாதல் இங்கும் நடந்து படலம் மொறமொறப்பாகி ஒடியும். இதற்காகவே சந்தையில் மாவுச்சத்துப் பை என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை பி.பி.ஏ.டி. போன்ற வேறொரு பாலிமரோடு கலந்தவை. பி.பி.ஏ.டி. மட்கும், ஆனால் பெரும்பாலும் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்தே வருகிறது. பை முழுவதும் கிழங்கிலிருந்து வந்தது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் சாஸ் ஈரமானது, அமிலமானது, அநேகமாகச் சூடாக ஊற்றி அடைக்கப்படுவது. தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கின் உறையைப் பரிந்துரைப்பவர்களும் வருவார்கள். சாதாரண பி.எல்.ஏ. 55 முதல் 60 டிகிரியிலேயே இளகும். 85 டிகிரியில் சாஸை ஊற்றினால் உறை சுருண்டுவிடும்.

மாவுச்சத்துக்குப் பொதியலில் இடமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சாஸ் உறைகளை அடுக்கி அனுப்பும் நெளிவட்டைப் பெட்டியைக் கிழித்துப் பாருங்கள். நெளிந்த தாளின் முகடுகளைத் தட்டைத் தாளோடு பிடித்து வைத்திருப்பது மாவுச்சத்துப் பசைதான். மாவில் ஒரு பகுதியை மட்டும் காஸ்டிக் சோடாவோடு வேகவைத்துக் கூழாக்கி, மீதியைப் பச்சை மாவாகவே அதில் மிதக்கவிடுவார்கள். சிறிது போராக்சும் சேரும். பசை நீர்த்தே இருப்பதால் உருளை அதை முகடுகளில் எளிதாகத் தடவுகிறது. தாள் சூடான தகட்டின்மேல் ஓடும் கணத்தில் பச்சை மாவு அங்கேயே வெந்து, நீரை உறிஞ்சி, இறுகப் பிடிக்கிறது. கூழாகும் வெப்பநிலையைக் கீழிறக்குவது காஸ்டிக்கின் வேலை. தாளின் மேற்பரப்புக்கு வலுவூட்டவும் மாவுச்சத்தே பூசப்படுகிறது. விளம்பரமில்லாமல் இவ்வளவு பெரிய அளவில் நடக்கும் பயன்பாட்டை விட்டுவிட்டு, அது பொருந்தாத ஓர் உறையில் அதைத் திணிக்க முயல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது.

பெட்டிக்குள் இடைவெளி நிரப்பும் நுரைத் துண்டுகளையும் மாவுச்சத்தால் செய்யலாம். எக்ஸ்ட்ரூடரின் வாயில் நீரே ஆவியாகி நுரையை ஊதிவிடும். தண்ணீரில் போட்டால் கரைந்துபோவது அங்கே குறையாகாது.

எருக்குழி எழுதியது:

உரமாக்கும் நிலையத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் சில சொற்கள். தாவரத்திலிருந்து வந்தது என்பதும் மட்கும் என்பதும் வெவ்வேறு செய்திகள். கரும்பிலிருந்து செய்த பாலிஎத்திலீன் முழுக்கத் தாவர மூலம் கொண்டது, ஆனால் மட்காது. பி.பி.ஏ.டி. அதற்கு நேர்மாறு.

ஐரோப்பாவின் இ.என். 13432 தரத்தின்படி, ஒரு பொதியல் 12 வார உரமாக்கலுக்குப்பின் 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் தங்கக் கூடாது. 6 மாதத்துக்குள் 90 விழுக்காடு உயிரியல் முறையில் சிதைய வேண்டும். அந்தச் சிதைவுச் சோதனை நடப்பது 58 டிகிரி செல்சியஸ் அளவில். தோட்டத்து மூலையில் குவித்த எரு அந்தச் சூட்டை எட்டி அதிலேயே நீடிப்பது அரிது. சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட தடிமனுக்கே வழங்கப்படுகிறது. அதைவிடத் தடித்த உறைக்கு அதே சான்றிதழைக் காட்டுவது செல்லாது. குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்தால் மாவுச்சத்து மீத்தேனாகவும் மாறும்.

அட்டைப்பெட்டியோடு ஓரிடத்தில் உடன்படவில்லை. உணவு படிந்த உறைதான் மறுசுழற்சிக்கு உதவாதது. உரமாகும் பொருளுக்கு மிக நியாயமான இடமும் அதுவே. சாஸ் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகளை எங்கள் சல்லடையில் கையால் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

அட்டைப்பெட்டி எழுதியது:

அந்த நியாயம் எனக்கும் புரிகிறது. உணவுக்கழிவு சேகரிக்கும் பைகளிலும், ஒரே இடத்தில் உண்டு ஒரே தொட்டியில் போடும் உணவகங்களிலும் நான் அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் விற்ற உறை உங்கள் நிலையத்துக்கு வந்து சேரும் என்பதற்கு உறுதி வேண்டும். மாதக்கணக்கில் அடுக்கில் இருந்து, பிறகு எங்கோ கிழித்து எறியப்படும் சாஸ் உறைக்கு அந்த உறுதியை யார் தருவார்? உறை ஊறிச் சாஸ் கெட்டுப்போனால், உறையைச் செய்ய ஆனதைவிடப் பழத்தை விளைவிக்க ஆன நீரும் உழைப்பும் அதிகமாக வீணாகும்.

சாறுக்கூடம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. உண்ணக்கூடிய உறைகளைப் பற்றியும் படித்தேன். கடற்பாசிப் பொருளால் செய்த சிறு பைகளில் பானத்தை 2019 லண்டன் மாரத்தானில் ஓட்டக்காரர்களுக்கு வழங்கினார்களே, அந்த வழி எங்களுக்கு ஒத்துவருமா?

அட்டைப்பெட்டி எழுதியது:

அன்றே நிரப்பி அன்றே கொடுக்கும் இடத்துக்கு அது அருமையான தீர்வு. அந்தக் கடற்பாசிப் பொருளான ஆல்ஜினேட் கால்சியத்தோடு சேர்ந்து நொடியில் ஜெல் தோலாகிறது. ஆனால் அந்தத் தோல் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அடுக்கில் வைத்து விற்கும் பொருளுக்கு ஆகாது. தவிர, உண்ணும் உறைக்குத் தூசியிலிருந்து காக்க வெளியே இன்னோர் உறை வேண்டியிருக்கிறது. கோதுமைப் பசையத்தால் செய்யும் உறைகளையும் உறிஞ்சுகுழல்களையும் தேர்ந்தெடுத்தால் ஒவ்வாமை எச்சரிக்கையை நீங்களே முன்வந்து அச்சிடுங்கள்.

சாறுக்கூடம் எழுதியது:

எங்கள் முடிவு இது. வெப்ப ஈரப் பக்குவம் செய்த மெழுகு மக்காச்சோள மாவுச்சத்தும், அதோடு மிகச் சிறிதளவு சாந்தனும். சாந்தனை அதன் சொந்தப் பெயரிலேயே அச்சிடப்போகிறோம். சாற்றைக் கடைசியில் சேர்த்ததில் நூலிழுப்பு நின்றுவிட்டது. உருகியபின் நீர் கசிவது வெகுவாகக் குறைந்திருக்கிறது, முற்றிலும் நிற்கவில்லை. உறையை இப்போதைக்கு ஒரே வகை பாலிஎத்திலீனாக மாற்றி, பெரிய அளவுப் புட்டிகளையும் சேர்த்து விற்கிறோம். கசிந்த நீரைக் கண்மதிப்பில் ஒப்பிடுவது மட்டும் சரியாக வரவில்லை. மையவிலக்குக் கருவி எங்களிடம் இல்லை. வேறு வழி உண்டா?

மாவுப்பதம் எழுதியது:

உண்டு. எடை தெரிந்த சாஸை உறையவைத்து, அறைச் சூட்டில் முழுதும் உருகவிட்டு, நுண்ணிய சல்லடையில் ஊற்றி ஒரே கால அளவுக்கு அசைக்காமல் வடியவிடுங்கள். கீழே சேர்ந்த நீரை எடைபோட்டு விழுக்காடாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உறைவு, உருகலுக்கும் தனி மாதிரி வையுங்கள், ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்பத் திறக்காதீர்கள். முதல் சுற்றில் நல்லதாகத் தெரியும் மாவுச்சத்து மூன்றாம் சுற்றில் கைவிடுவதுண்டு. எனவே ஐந்து சுற்றாவது பார்த்துவிட்டு மாவை மொத்தமாக வாங்குங்கள்.